உறையில் வந்த வண்ணத்துப்பூச்சி

மணவீட்டுக்கு வாழ்த்துப்பா எழுதிக் கொடுத்தல் யாழ்ப்பாணத்துப் பண்டிதர்களுக்கு வாய்த்த சம்பளமில்லாத உத்தியோகம். பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் இராக்காலத்திலே படலையில் தட்டுஞ் சத்தம் கேட்கும். "ஐயா, வாற புதன்கிழமை தாலிகட்டு. நாலு விருத்தம் இருந்தாற் போதும்" என்று ஒருவர் வந்து நிற்பார். மறுக்க இயலாது. முப்பது ஆண்டுகளாக இந்த உத்தியோகத்தை நான் பார்த்து வருகின்றேன். நூற்றுக்கு மேற்பட்ட வாழ்த்துக்கள் என் கையாற் பிறந்திருக்கும். அவற்றுள் நல்லன சில, அல்லன பல. அல்லனவற்றைக் குறித்து நான் கவலைப்பட்டதில்லை. கண்ணாடிச் சட்டத்துள் அடைபட்டுச் சுவரில் ஏறிய செய்யுளை எவரும் மறுமுறை வாசிப்பதில்லை.

ஆயினும் ஒரு செய்யுள் மாத்திரம் என்னை இன்றுவரை உறுத்துகின்றது. அதில் எதுகை தவறவில்லை, மோனை தவறவில்லை, சீர் குறையவுமில்லை. ஆனால் பொய் இருக்கின்றது. புனைந்துரைத்தல் புலவர்க்கு உரிமை என்பது மெய்யே. உயர்வு நவிற்சி வேறு, பொய் வேறு. நான் பாடியது பொய். அது பொய்யானது எவ்வாறென்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டி வந்தது

2018ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம், கனடாவிலே ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் என் தமையனாரின் மகளுக்குக் கலியாணம். பெறாமகள் அனுப்பிய பயணச் சீட்டோடு நானும் போயிருந்தேன். போன மறுநாளே அவள் தன் விண்ணப்பத்தை வெளியிட்டாள். "சித்தப்பா, தாலி கட்டினாப்போலை எல்லாரும் வெளியிலை போய் வண்ணத்துப்பூச்சி விடப்போறம். அந்த நேரத்துக்கு நீங்கள் ஒரு பாட்டு வாசிக்கவேணும்."

வண்ணத்துப்பூச்சி விடுவதா! எனக்கு முதலில் விளங்கவில்லை. பின்னர் விளக்கினாள். நாங்கள் மணமக்களுக்கு அறுகரிசி இடுவது போல, மேல்நாட்டார் தேவாலய வாயிலில் மணமக்கள் மீது அரிசி எறிவது வழக்கம். அந்த அரிசியைத் தின்னும் பறவைகள் வயிறு வெடித்துச் சாகும் என்றொரு கதை அமெரிக்காவிலே பரவியது. கதை உண்மையன்று, ஆனாலும் அரிசிக்கு மாற்றுத் தேடினார்கள். அம்மாற்றுக்களுள் ஒன்று உயிருள்ள வண்ணத்துப்பூச்சி. பண்ணைகளில் வளர்த்து, டசின் கணக்கில் விற்கின்றார்கள். கலியாணத்துக்கு மாத்திரமன்று; பிறந்தநாளுக்கும், இறந்தவர் நினைவுநாளுக்கும் வாங்குகின்றார்கள். விலை, டசின் ஒன்றுக்கு நூறு டொலருக்கு மேல். எங்கள் கலியாணத்துக்கு ஐந்து டசின்.

முதல்நாள் மாலை பெட்டி வந்தது. சாதாரண தபாற்பெட்டிதான்; உள்ளே குளிர் காக்கும் தடித்த நுரைச் சுவர், அதற்குள்ளே உறைகுளிர்ப் பொதி, அதனருகே வரிசை வரிசையாக முக்கோண வடிவில் மடித்த கடதாசி உறைகள். ஒவ்வோர் உறையிலும் சிறகு மடித்த ஒரு பூச்சி. வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பிலே சொந்தச் சூடு இல்லை. குளிர்ந்தால் அது அசையாது. அசையாதபடியால் சிறகு உதிராது. இந்த இயல்பைக் கொண்டே வியாபாரம் நடக்கின்றது. விடுவதற்கு அரைமணி நேரம் முன்னர் உறைகளைச் சூடான இடத்தில் வைக்கவேண்டும், வெயில் வேண்டும், மழை ஆகாது, இரவு ஆகாது என்று கூட வந்த தாளில் விதிகள் எழுதப்பட்டிருந்தன.

அத்தாளின் தலைப்பில் ஒரு கதையும் இருந்தது. வண்ணத்துப்பூச்சியிடம் ஒருவர் தம் விருப்பத்தை மெல்லச் சொன்னால், அது வாய் பேசாத உயிராதலால், கடவுள் ஒருவரிடமே அதைக் கொண்டுசேர்க்கும் என்பது கதை. செவ்விந்தியரின் புராதன ஐதிகம் என்று கீழே குறித்திருந்தார்கள். எந்தக் குலத்தார், எந்த மொழியில், யாரிடம் கேட்டது என்ற குறிப்பு எதுவும் இல்லை. பாடபேதத்துக்குக்கூட ஏட்டுச் சுவடியைத் தேடி அலைகின்ற நான், அன்று மூலம் கேட்கவில்லை. கதை அழகாயிருந்தது, விருத்தத்துக்குப் பொருள் கிடைத்தது, மகிழ்ந்துவிட்டேன். கூட்டிலிருந்து விடுபட்ட உயிர் தன் வீடு நோக்கிப் பறக்குமாறு போல என்று தொடங்கி எழுதி முடித்தேன்.

கலியாணத்தன்று விடியப்புறத்தில் மழை பெய்திருந்தது. முகூர்த்தம் முடிந்து மண்டபத்தின் பின்புறத் தோட்டத்துக்கு வந்தபோதும் வானம் மூடியே இருந்தது. முன்வரிசை விருந்தினர் கையில் ஆளுக்கோர் உறை. நான் ஒலிபெருக்கியில் விருத்தத்தை இராகத்தோடு வாசித்து முடித்தேன். உறைகள் திறந்தன. பாதிக்கு மேற்பட்டவை எழும்பின. செம்மஞ்சட் சிறகும் கருநரம்பும் மணமகளின் தலைக்கு மேலே ஒரு கணம் சுழன்றன. அந்தக் காட்சி அழகன்று என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். என் தமையனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏனையவை புல்லிலே விழுந்து ஊர்ந்தன. சில சேலைக் கரையைப் பற்றிக்கொண்டிருந்தன. படம் பிடிப்பவர் பின்னோக்கி வந்தபோது இரண்டொன்று அவர் காலடியில் அகப்பட்டன. தமையனாரின் பேரன், ஏழு வயதுப் பையன், தன் உறையைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"தாத்தா, இது நித்திரையோ?"

பார்த்தேன். கால்கள் மடங்கி மார்போடு ஒட்டியிருந்தன.

"ஓம் குஞ்சு, நித்திரைதான். அந்தப் பூமரத்தடியிலை வைச்சுவிடு" என்றேன்.

அவன் நம்பிக்கொண்டு போனான். ஒலிபெருக்கியில் ஒரு பொய், குழந்தையிடம் ஒரு பொய். அரைமணி நேரத்தில் இரண்டு.

ஸ்காபரோவில் ஒரு பேராசிரியர்

அதன்பின் ஊர் திரும்ப மூன்று கிழமை இருந்தது. பெறாமகன் ஒருவன் நூலகத்துக்கு அழைத்துப்போவான். அங்கே நான் அறிந்துகொண்டது, நான் தங்கியிருந்த அதே ஸ்காபரோவிலே, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த பிரெட் ஏர்க்கட் என்ற பேராசிரியரின் வரலாறு. உறையில் வந்த அந்த இனத்துக்கே அவர் தம் வாழ்நாளைக் கொடுத்தார். அதன் பெயர் மொனார்க்; முடிமன்னன் என்று பொருள்.

வேனிலிலே கனடாவில் நிறைந்திருக்கும் மொனார்க், பனிக்காலத்தில் எங்கே மறைகின்றது? இதுவே அவரை வாட்டிய வினா. அவரும் மனைவியார் நோராவும் பூச்சியின் சிறகிலே சிறு தாட்துண்டு ஒட்டி அனுப்பிப் பார்த்தார்கள். முதலில் ஒட்டிய தாள் மழையில் கழன்றது. பின்னர் கடைச் சாமான்களில் விலை ஒட்டும் தாளைப் போன்றதொன்றைக் கண்டுபிடித்தார்கள். 1952ஆம் ஆண்டு தொண்டர் வேண்டுமென்று நோரா அம்மையார் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். முதலில் வந்தவர்கள் ஒரு கைப்பிடி, பின்னர் ஆயிரக்கணக்கானோர்.

1975 ஜனவரியில் விடை கிடைத்தது. மெக்சிக்கோ நாட்டு மிச்சோவக்கான் மலைகளிலே, கடல்மட்டத்துக்கு மூவாயிரம் மீற்றர் உயரத்தில், ஊசியிலை மரங்கள் தெரியாதபடி கோடிக்கணக்கான மொனார்க்குகள் அப்பியிருப்பதை, அம்மாநிலத்திற் பிறந்த கற்றலீனா அகுவாடோ என்ற பெண்மணியும் கென் பிரகர் என்பவரும் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஏர்க்கட் தம்பதியர் அம்மலையில் ஏறினர். பேராசிரியர் இளைப்பாற அமர்ந்த இடத்திலே பூச்சிப் பாரம் தாங்காது ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்த குவியலுள் ஒன்றன் சிறகிலே வெள்ளைத் தாள்! ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, சஸ்கா என்னும் ஊரில், ஒரு பள்ளி ஆசிரியரும் அவருடைய மாணவர் இருவரும் சென்ற ஒகஸ்ட்டில் ஒட்டிவிட்ட தாள் அது. ஆசிரியத் தொழில் செய்வோருக்கு இதனினும் பெரிய பரிசு வேறென்ன?

அரைக்கிராம் எடையுள்ள ஓர் உயிர், கனடாவின் தென்பகுதியிலிருந்து ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீற்றர் பறக்கின்றது. வேனிலிற் பிறப்பவை இரண்டு முதல் ஆறு கிழமையில் முடிந்துவிடும். வேனில் இறுதியிற் பிறக்கும் தலைமுறை மாத்திரம் எட்டு மாதம் வரை வாழும். அதுவே தெற்கே செல்லும். சென்ற ஆண்டு அங்கே போனது அதன் பாட்டனுக்குப் பாட்டன். வழி சொல்லிக் கொடுக்க ஒருவரும் உயிரோடில்லை. ஆனாலும் அந்த மலையையே சென்று சேர்கின்றது.

அங்குள்ள குடிமக்களுக்கு இது புதினமன்று. நவம்பர் முதலிரு நாட்களில், இறந்தோரை நினைக்கும் திருநாளை ஒட்டி இப்பூச்சிகள் வந்து சேர்வதால், முன்னோரின் ஆவிகளே திரும்பி வருகின்றன என்று அவர்கள் கொண்டனர். இந்தக் கதைக்கு ஊர் உண்டு, நாள் உண்டு, சொல்லும் மக்கள் உண்டு. பெட்டியில் வந்த கதைக்கு இவற்றுள் ஒன்றுமில்லை.

எருக்கின் பால்

மொனார்க் எமக்கு அயலான் அல்லன். அதன் புழு உண்பது ஒருவகைப் பாற்செடியின் இலையை. அச்செடி எங்கள் எருக்குக்கு இனம். எங்கள் கல்லூரி மதிலோரத்து எருக்கிலே கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிபோட்ட புழுவைக் கண்டிருப்பீர்கள்; அதிலிருந்து வரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மொனார்க்கின் ஒன்றுவிட்ட சகோதரன். இரண்டும் செடியின் நஞ்சுப்பாலை உண்டு அதைத் தம் உடம்பிலே சேமிக்கின்றன. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்ட வராது. எருக்கை யாரும் நடுவதில்லை. வேலியோரத்தில் தானே முளைத்து, துப்புரவு நாட்களில் வெட்டுண்கின்றது. அமெரிக்காவிலும் பாற்செடிக்கு இதுவே விதி. களைநாசினியைத் தாங்கும் பயிர்கள் வந்தபின், வயலுக்குள் நின்ற பாற்செடி ஒழிந்தது.

விளைவை மெக்சிக்கோவில் அளக்கின்றார்கள். பூச்சிகளை எண்ண இயலாதாகையால், அவை அப்பியிருக்கும் காட்டின் பரப்பை அளப்பர். 1996-97 பனிக்காலத்தில் அப்பரப்பு 18 ஹெக்டேயர். 2023-24 இல் 0.9 ஹெக்டேயர். அடுத்த பனிக்காலத்தில் 1.79 ஆக ஏறியது. ஏறியும் பழைய அளவில் பத்திலொரு பங்குதான். 2023 டிசெம்பரில் கனடா இதனை அருகிவரும் இனமாகச் சட்டத்திற் சேர்த்தது.

இருதரப்பு வழக்கு

கலியாணத்துப் பெட்டியால் இந்த இனம் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது நேர்மையாகாது. பாற்செடி அழிவும், காடு வெட்டுதலும், காலநிலை மாறுதலுமே பெருங்காரணங்கள். பெட்டி குறைந்துவரும் ஓரினத்துக்கு மேலும் ஓர் இடையூறு ஆகுமா என்பதே வழக்கு.

ஆகும் என்பாருள் வட அமெரிக்க வண்ணத்துப்பூச்சிச் சங்கம் நெடுங்காலமாக முன்னிற்கின்றது. 2015 இல் மொனார்க்கை ஆராயும் அறிஞர் பலர் கூடி, வணிகத்துக்காகப் பெருந்தொகையாக வளர்த்து விடுதல் ஆகாதென அறிக்கை விட்டனர். முதற் காரணம் நோய். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுயிர் பூச்சியின் வயிற்றுச் செதிலில் தூளாகப் படிந்திருந்து, அது அமரும் இலையில் உதிரும். அவ்விலையை உண்ட புழு, கூட்டிலிருந்து வெளிவரும்போது சிறகு விரியாது தவிக்கும். நெருக்கி வளர்க்குமிடத்தில் இந்நோய் எளிதிற் பரவும். இரண்டாவது காரணம் வழி மறத்தல். 2019 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார், விலைக்கு வாங்கிய மொனார்க்கின் வழித்தோன்றல்களை இலையுதிர்காலத்தில் சோதித்தபோது, அவை கூட்டமாகத் தென்றிசை நாடவில்லை என்று கண்டனர். அடைத்து வளர்த்தவை காட்டிற் பிறந்தவற்றிலும் வலிமை குன்றியவை, நிறம் மங்கியவை என்று அடுத்த ஆண்டு மற்றோர் ஆய்வு வந்தது.

மறுதரப்பையும் சொல்லவேண்டும். நுணுக்குக்காட்டியின்கீழ் நோய் பார்த்தே அனுப்புகின்றோம் என்பர் வளர்ப்போர். ஐக்கிய அமெரிக்காவிலே மாநிலம் விட்டு மாநிலம் பூச்சி அனுப்ப அரசாங்க அனுமதி வேண்டும். ராக்கி மலைத்தொடரைத் தாண்டி மொனார்க்கை அனுப்பலாகாது என்றும் விதியுண்டு. 2021 இல் ஒன்ராறியோ மாகாணத்து குவெல்வ் பல்கலைக்கழகத்தார், அடைத்து வளர்த்த மொனார்க்குகளுக்கு நுண்ணிய வானொலிக் கருவி பூட்டி வெளியே விட்டபோது, அவற்றுட் பெரும்பாலானவை சரியான திசையிலேயே பறந்தன. ஆயின் அவை பல தலைமுறையாகப் பண்ணையில் வளர்ந்த விற்பனைப் பூச்சிகள் அல்ல. ஆகவே வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

விடு, வீடு

அறிஞர் தீர்க்கவேண்டிய வழக்கை அவர்களிடமே விடுகின்றேன். தமிழாசிரியன் தீர்க்கவேண்டிய வழக்கொன்று இருக்கின்றது.

'விடு' என்னும் முதனிலை நீண்டு 'வீடு' என்றாகும். கெடு கேடு ஆவதும் சுடு சூடு ஆவதும் இவ்வாறே. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். அந்த ஒரே சொல் முத்திக்கும் பெயர், நாம் குடியிருக்கும் மனைக்கும் பெயர். விடுதலை பெற்றவனுக்குச் சென்றடைய ஓர் இடம் உண்டு என்பது இச்சொல்லுக்குள்ளே பொதிந்திருக்கின்றது. போகுமிடமில்லாதவனைத் திறந்துவிடுதல் விடுதலையன்று, கைவிடுதல்.

ஐந்து டசின் உயிர்கள் வீடு நோக்கிப் பறப்பதாக நான் பாடினேன். அவற்றின் வீடு மெக்சிக்கோ மலையில் இருப்பதை அறிந்தேனல்லேன். போக அவற்றுக்கு வலியுண்டா என்று கேட்டேனல்லேன். முதலில் அவற்றைச் சிறைவைத்தவர்கள் யார்? நாங்களே. விடுவிக்கும் இன்பத்தை நாம் பெறுவதற்காக அவை அடைக்கப்பட்டன. தென்கிழக்காசியக் கோயில் வாயில்களில் சிறு குருவிகளைக் கூட்டில் வைத்து விற்பார்கள். வாங்கித் திறந்துவிடுவோருக்குப் புண்ணியமாம். விடுவோர் இருப்பதனாலேயே பிடிப்போர் இருக்கின்றனர். இரக்கத்தின் உருவம் அங்கே இருக்கின்றது, இரக்கம் இல்லை.

அழகுக்கு ஆசைப்படுதல் குற்றமன்று. என் பெறாமகள் கொடியவளும் அல்லள். அவளுக்கு அந்த உயிர் எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று சொல்லத்தக்க ஒருவர் பக்கத்தில் இருக்கவில்லை. இருந்த ஒருவரோ விருத்தம் கட்டிக்கொண்டிருந்தார்.

சிக்காகோ ஆய்வு வந்தபின், 2019 இல், இவற்றையெல்லாம் அவளுக்குக் கடிதமாக எழுதினேன். மறுமொழி சுருக்கமாக வந்தது. "சித்தப்பா, என்ரை கலியாணத்திலை எனக்கு ஞாபகத்திலை நிக்கிறது அந்த ஒரு நிமிஷந்தான். அதையும் பிழையெண்டு சொல்லிப்போட்டியள்." அதற்கு எழுத என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. உண்மையைச் சொல்லவேண்டிய நேரம் ஒன்றுண்டு. அதைத் தவறவிட்டுப் பின்னர் சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும் ஒருவரைப் புண்படுத்தியே தீரும். அன்று கேட்டிருந்தால் பெட்டி வந்திராது. இன்று கேட்டமையால் அவளுடைய ஒரு நிமிஷமும் போயிற்று. சில ஆண்டுகள் எங்களிடையே நலவிசாரணை மாத்திரமே நடந்தது.

சென்ற மாதம் அவளிடமிருந்து அழைப்பு. தங்கைக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டார்களாம். "ஒரு வாழ்த்துப் பாட்டு வேணும், சித்தப்பா. பூச்சி இல்லை, பாட்டு மட்டும்" என்றாள். சிரித்தாளா என்று தொலைபேசியில் தெரியவில்லை. பின்வளவில் பாற்செடி நட்டிருப்பதாகவும், இன்னும் ஒரு புழுவும் வரவில்லை என்றும் சொன்னாள். எழுதித் தருவதாகச் சொன்னேன்.

மணவீட்டார்க்கு என் வேண்டுகோள் இது. பெட்டியில் அழகை வரவழைக்குமுன், அதற்கு வீடு எங்கே என்று ஒருமுறை கேளுங்கள். புலவர்களுக்கு வேண்டுகோள் இன்னுஞ் சிறியது. பாடுமுன் மூலம் கேளுங்கள்.

2018 ஒகஸ்ட்டில் நான் வாசித்த செய்யுளை இதனால் மீட்டுக்கொள்கின்றேன். மற்றப் பொய்யை எழுத்தினால் மீட்க முடியாது. அந்தப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான், கலியாணத்துக்கு வருவான். அவனைத் தனியே அழைத்து, அன்று அது நித்திரை கொள்ளவில்லை என்று நேரிலே சொல்லவேண்டும்.